குறட்டை நின்றால் ஓடிப்போய்ப் பாருங்கள்

முப்பத்தொரு வருஷ நர்ஸ் வேலையில் ஒரே ஒரு நோயாளியைத்தான் நான் கை நீட்டி அடித்திருக்கிறேன். அவர் போலீஸ் ஏட்டு. அடித்தது கன்னத்தில், இரண்டு அடி. அதற்காக என் மேல் யாரும் புகார் கொடுக்கவில்லை. அவருடைய மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பக்கத்துக் கட்டில்காரர் 'இன்னும் ஒண்ணு போடுங்க' என்றார்.

வார்டுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு இந்த ஒரு கதையைச் சொல்லிவிடுகிறேன். ஊசி போடுவதும் கட்டுப் போடுவதும் உங்களுக்கு என்னைவிட நன்றாக வரும், அதில் நான் மூக்கை நுழைக்கவில்லை. புத்தகத்தில் இல்லாமல் நான் திண்டாடியது எங்கே என்றுதான் சொல்லப்போகிறேன். இதில் நான் கெட்டிக்காரியாக வரமாட்டேன் என்பதையும் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

எண்பதுகளின் நடுவில் ஒரு குற்றால சீசன். தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையில், மேலகரத்துக்குக் கொஞ்சம் முன்னால் இருந்த தனியார் ஆஸ்பத்திரியில் ஆண்கள் வார்டுக்கு நான் பொறுப்பு. வயது முப்பதுதான். ஆனால் நடையும் முறைப்பும் ஐம்பது வயதுக்காரியுடையவை. படுக்கை விரிப்பில் ஒரு சுருக்கம் இருந்தால் அன்று எனக்குச் சாப்பாடு இறங்காது. மத்தியானம் ஒரு மணியிலிருந்து நாலு மணிவரை வார்டில் நோயாளிகளைத் தவிர ஒருவர் இருக்கக் கூடாது. பெண்கள் இருக்கவே கூடாது, ராத்திரியிலும் கூடாது. பெரிய டாக்டரே அந்த நேரத்தில் வந்தால் கதவருகே நின்று என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருவார்.

அந்தக் காலத்தில் எங்களிடம் ஒரு பழக்கம் இருந்தது. உங்களிடம் இப்போதும் இருக்கிறதா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். நாடி பார்க்கும் நேரம் வந்தால், தூங்குகிறவரைத் தட்டி எழுப்புவோம். 'நல்லாத் தூங்குனீங்களா' என்று சிரித்துக்கொண்டே கேட்போம். அதற்குப் பிறகு நாடி பிடித்து எழுதுவோம். எங்கள் ஆஸ்பத்திரி சார்ட்டுகளில் இருந்ததெல்லாம் விழித்திருக்கிற மனிதர்களுடைய நாடி மட்டும்தான். தூங்குகிறவருடைய இதயம் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று எங்களில் ஒருவரும் பார்த்ததில்லை.

இப்போது ஏட்டையாவுக்கு வருகிறேன். நல்ல ஆகிருதி. கழுத்து என்று தனியாக ஒன்று கிடையாது, தலை நேராகத் தோளில் உட்கார்ந்திருக்கும். சீசன் நேரத்தில் அருவிப் பக்கம் கூட்டத்தை ஒழுங்குபடுத்தும் வேலை அவருக்கு. நிற்க முடியவில்லை என்று ஒரு நாற்காலி போட்டுக்கொண்டிருக்கிறார். உட்கார்ந்த இரண்டாவது நிமிஷம் தூங்கிவிட்டார். காலை பத்து மணி, பக்கத்தில் அருவி அத்தனை இரைச்சலோடு விழுகிறது, ஏட்டையா அசையவில்லை. குளிக்க வந்த ஏதோ ஒரு வெளியூர்க் குடும்பம், போலீஸ்காரர் மடியைவிடப் பத்திரமான இடம் ஏது என்று நினைத்து, இரண்டு கைக்கடிகாரம், ஒரு எண்ணெய்ப் பாட்டில், துவட்டிய துண்டு எல்லாவற்றையும் அவர் மடியில் வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டது. அந்தக் கோலத்தில்தான் இன்ஸ்பெக்டர் அவரைப் பார்த்தார்.

குடித்துவிட்டுத் தூங்குகிறான் என்று மெமோ. ஏட்டையா வாழ்நாளில் ஒரு சொட்டுக் குடித்தவர் இல்லை. உடம்பில் என்ன கோளாறு என்று டாக்டரிடம் எழுதி வாங்கி வா என்று அனுப்பியதால் எங்களிடம் வந்தார். வந்த பிறகுதான் மற்றதெல்லாம் தெரிந்தது. பத்துப் படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. சாயங்காலமானால் கால் வீங்குகிறது. காலையில் எழுந்தால் தலைவலி. நெஞ்சு சில நேரம் படபடவென்று அடித்துக்கொள்கிறது. ரத்த அழுத்தம் நான் மூன்று முறை பார்த்தும் இறங்க மறுத்தது. ஈசிஜி எடுத்து, நெஞ்சுப் படமும் எடுத்துப் பார்த்த பெரிய டாக்டர், "இதயம் லேசா வீங்கியிருக்கு" என்று சொல்லி மதுரையில் இதய டாக்டருக்கு ஒரு கடிதம் எழுதினார். அங்கே போகும்வரை படுக்கையில் ஓய்வு.

ஏட்டையாவுக்கு உள்ளூரச் சந்தோஷம். இதய நோய் என்பது மரியாதையான நோய், தாசில்தாருக்கெல்லாம் வருகிறது. தூங்குமூஞ்சி என்ற பெயரைவிட எவ்வளவோ மேல்.

அவருடைய மனைவி செண்பகம் கூடவே வந்திருந்தார். ஒல்லியான பெண்மணி. கண் இரண்டும் சிவந்து, எப்போதும் யாரோடோ சண்டை போட்டுவிட்டு வந்த மாதிரி இருப்பார். பெரிய டாக்டர் ஏட்டையாவிடம், "தூக்கமெல்லாம் எப்படி?" என்று கேட்டார்.

"அதுல ஒரு குறையும் இல்ல டாக்டர். தலையச் சாச்சா கட்டைதான். ஆண்டவன் எனக்குக் குடுத்த வரம்."

"அது வரமில்ல டாக்டர்" என்று செண்பகம் ஆரம்பித்தார்.

நான்தான் குறுக்கே விழுந்தேன். "டாக்டர் நோயாளியக் கேக்காரு. நீங்க சும்மா இருங்க."

அவர் வாயை மூடிக்கொண்டார். பெரிய டாக்டரும் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். இந்தக் கதையில் நான் செய்த முதல் தப்பு இதுதான். மற்றவை எல்லாம் இதன் குட்டிகள்.

ஏட்டையாவுக்கு ஜன்னலோரக் கட்டில். அடுத்த கட்டிலில் சுரண்டைக்காரர் ஒருவர், மிளகாய் வியாபாரி, காலில் மாவுக்கட்டு. வார்டில் எல்லோரும் அவரை அண்ணாச்சி என்று கூப்பிடுவார்கள். முதல் நாள் மத்தியானம் சாப்பாடு முடிந்து ஏட்டையா தலையைச் சாய்த்தார். அவ்வளவுதான், வார்டே அதிர்ந்தது. தம்ளர்மேல் வைத்த மூடி கிணுகிணுத்தது. கொஞ்ச நேரத்தில் அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டு ரகசியம் போலச் சொன்னார்.

"சிஸ்டர், குறட்டையக் கூடப் பொறுத்துக்கிடலாம். அந்தப் பொம்பள புருசனப் போட்டு மிதிக்கா. என் கண்ணால பாத்தேன்."

போய்ப் பார்த்தேன். உண்மைதான். செண்பகம் ஸ்டூலில் உட்கார்ந்து, ஒரு காலைக் கட்டிலின்மேல் நீட்டி, ஏட்டையாவின் கெண்டைக்காலில் ஒட்டி வைத்திருந்தார். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓங்கி ஒரு உதை விட்டார். ஏட்டையா 'ஹர்ர்' என்று ஒரு சத்தத்தோடு புரண்டார்.

"என்னம்மா பண்ணுதீங்க? இதய நோயாளி அவரு."

"மூச்சு நின்னுருது சிஸ்டர். தூங்கும்போது அவியளுக்கு மூச்சு நின்னுருது."

"மூச்சு நின்னா ஆள் இருப்பாரா?"

"அதான் நான் மிதிக்கேன்."

பதில் இல்லாதபோது அதிகாரம் உள்ளவர்கள் என்ன செய்வார்களோ அதையே நானும் செய்தேன். ஒரு மணிக்கு மேல் வார்டில் பெண்கள் இருக்கக் கூடாது என்று சொல்லி வெளியே அனுப்பினேன்.

மறுநாள் காலையில் இரவுப் பணி நர்ஸ் என்னிடம், ஏட்டையா ராத்திரி முழுக்கத் திமிறிப் புரண்டுகொண்டிருந்தார், அண்ணாச்சிதான் பாவம் உட்கார்ந்தே விடிய வைத்தார் என்று சொல்லிவிட்டுப் போனாள். எனக்கு ஏட்டையாவின் மேல் இரக்கம் வந்துவிட்டது. இதய நோயாளிக்கு நல்ல தூக்கம் வேண்டாமா? பெரிய டாக்டரிடம் போய், லேசாகத் தூக்க மாத்திரை ஒன்று எழுதினால் என்ன என்று நானே கேட்டேன். அவர் வெளி நோயாளிகள் கூட்டத்துக்கு நடுவில் தலை நிமிராமல் எழுதிக் கொடுத்தார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நானே என் கையால் அதைக் கொடுத்தேன்.

அரை மணி நேரத்தில் மறுபடி அண்ணாச்சி கூப்பிட்டார். இந்த முறை குரலில் ஒரு வியப்பு இருந்தது. "சிஸ்டர், அந்தம்மா இப்ப குடைய வச்சுக் குத்துதா."

வெளி வராந்தாவில், சாரல் அடித்துக்கொண்டிருக்கையில், செண்பகம் ஜன்னல் கம்பிக்கு அப்பால் நின்றுகொண்டிருந்தார். மடக்கிய குடையைக் கம்பிகளுக்கு நடுவே உள்ளே விட்டு, அதன் முனையால் ஏட்டையாவின் விலாவில் குத்திக்கொண்டிருந்தார். வைக்கோல் போரில் பாம்பைத் தேடுகிறவர் மாதிரி அவ்வளவு கவனம். குடையின் முனையைப் பிடித்து வெடுக்கென்று உள்ளே இழுத்து, என் மேசையில் கொண்டுபோய் வைத்துவிட்டேன். வார்டில் நாலைந்து பேர் கை தட்டினார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

சிறிது நேரத்தில் குறட்டை நின்றது. அண்ணாச்சி என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். மாத்திரை வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டு நான் சார்ட் எழுத உட்கார்ந்தேன். ஜன்னலுக்கு வெளியே செண்பகம் எண்ணுகிற சத்தம் கேட்டது. "பத்து. பதினொண்ணு. பன்னெண்டு." நான் திரும்பிப் பார்க்கவில்லை. "இருவது. சிஸ்டர், இருவது ஆகிட்டு." அப்போதும் பார்க்கவில்லை. முப்பதைத் தாண்டியதும் அவர் எண்ணுவதை நிறுத்தினார்.

"சிஸ்டர். எப்பவும் வந்துரும். இன்னிக்கு வரல."

கத்தவில்லை, கெஞ்சவில்லை. அந்தக் குரல்தான் என்னை எழுப்பியது.

ஏட்டையா மல்லாந்து கிடந்தார், வாய் திறந்திருந்தது. நெஞ்சும் வயிறும் மாறி மாறித் துடித்தன. ஆனால் மூக்கில் விரல் வைத்தால் காற்று இல்லை. உதடு நாவல்பழ நிறம். நாடியைப் பிடித்தேன். ஒரு துடிப்பு. அடுத்ததற்காகக் காத்திருந்தேன். காத்திருந்தேன் என்று எழுதுவது எளிது. அத்தனை நேரம் ஒரு துடிப்புக்காக நான் அதற்கு முன் காத்திருந்ததே இல்லை. அடுத்தது வந்தது, வேண்டாவெறுப்பாக. "ஏட்டையா, ஏட்டையா" என்று உலுக்கினேன். அசையவில்லை. என் மாத்திரை அல்லவா உள்ளே இருக்கிறது.

அப்போதுதான் அடித்தேன். முதல் அடி பயத்தில். இரண்டாவது அடி என்மேல் எனக்கு வந்த கோபத்தில்.

"ஒருச்சாச்சுத் தள்ளுங்க சிஸ்டர், ஒருச்சாச்சு" என்று ஜன்னலில் இருந்து செண்பகம் சொல்லிக்கொடுத்தார். நான் தள்ளினேன். அந்த உடம்பு என் கைக்கு அசைவதாக இல்லை. அண்ணாச்சி மாவுக்கட்டுக் காலோடு கட்டிலிலிருந்து குதித்து ஒற்றைக் காலில் தத்தி வந்து தோளைக் கொடுத்தார். இரண்டு பேரும் சேர்ந்து ஏட்டையாவைப் பக்கவாட்டில் உருட்டினோம். தொண்டையிலிருந்து ஒரு உறுமல் வந்தது. அதற்குப் பின்னால் மூச்சு வந்தது. என் விரலுக்கடியில் நாடி விழுந்தடித்துக்கொண்டு ஓட ஆரம்பித்தது.

திரும்பினால் கதவருகே பெரிய டாக்டர். நான் தலைத்தொப்பி சரிந்து நிற்கிறேன். ஏட்டையாவின் கன்னத்தில் என் விரல் பதிந்திருக்கிறது.

"சிஸ்டர், நோயாளிய அடிக்கீங்களா?"

"தூக்கத்துல மூச்சு நின்னுட்டு டாக்டர்."

"மூச்சு நின்னா ஆள் இருப்பாரா?"

"அதான் நான் அடிச்சேன்."

பெரிய டாக்டரிடம் நான் மதித்த குணம் ஒன்று உண்டு. தனக்குத் தெரியாததை எதிரே பார்த்தால் கோபப்பட மாட்டார், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார். அன்றும் அதைத்தான் செய்தார். செண்பகத்தை உள்ளே வரச் சொன்னார். என் வார்டில், மத்தியானம் இரண்டரை மணிக்கு, ஒரு பெண்மணிக்கு ஸ்டூல் போட்டது நானே.

"நேத்து நீங்க என்னமோ சொல்ல வந்தீங்க. இப்பச் சொல்லுங்கம்மா."

"கல்யாணமாகி பத்தொம்பது வருசம் டாக்டர். மொதல்ல சும்மா குறட்டைதான். அவியளுக்குத் தொந்தி போட்ட பெறவு மூச்சு நிக்க ஆரம்பிச்சுட்டு. நான் கால அவிய கால்மேல வச்சுக்கிட்டே படுப்பேன். குறட்டை நின்னா எண்ணுவேன். இருவதுக்கு மேல விடமாட்டேன். எங்க மாமியா நான் புருசன மிதிக்கவன்னு ஊரெல்லாம் சொல்லிட்டாவ."

"இவருக்குத் தெரியுமா?"

"அவியதான் தூங்குதாவள்லா."

டாக்டர் எழுந்துபோய் ஈசிஜி பெட்டியைத் தாமே தூக்கி வந்தார். ஆக்சிஜன் உருளையைக் கட்டிலருகே நிறுத்தச் சொன்னார். ஏட்டையா அதற்குள் மறுபடி தூங்கியிருந்தார். காகிதம் ஓடத் தொடங்கியது. குறட்டை விடும்வரை கோடுகள் ஒழுங்காக வந்தன. குறட்டை நின்றது. செண்பகம் எண்ண ஆரம்பித்தார். கோடுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகின. பதினைந்தில் இன்னும் விலகின. பதினெட்டில் ஒரு இடம் வெறும் நேர்கோடாகப் போனது. செண்பகத்தின் கால் தானாக உயர்ந்தது.

"கொஞ்சம் பொறுங்கம்மா" என்றார் டாக்டர், காகிதத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

"நீங்க பொறுங்க டாக்டர். எனக்குப் பொறுக்காது."

உதை விழுந்தது. ஏட்டையா உறுமினார். கோடுகள் நெருக்கியடித்துக்கொண்டு வந்தன. காகிதம் பெட்டியை விட்டு வழிந்து, தரையில் ஓடி, அண்ணாச்சியின் கட்டிலுக்குப் போனது. அவர் அதைக் கையில் தாங்கிப் பிடித்து, புரிந்தவர் போலத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் டாக்டர் எனக்குச் சொன்னதை நீங்கள் இப்போது பாடமாகவே படித்திருப்பீர்கள். தூங்கும்போது தொண்டைச் சதை தளர்ந்து மூச்சுவழியை அடைக்கிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்க, இதயம் துடிப்பைக் குறைத்துக்கொள்கிறது. மூளை பயந்துபோய் ஆளை அரைகுறையாக எழுப்புகிறது, உடனே இதயம் தறிகெட்டு ஓடுகிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது. ஒவ்வொரு ராத்திரியும் திரும்பத் திரும்ப இதே கூத்து. வருஷக்கணக்கில் இப்படி நடந்தால் எந்த இதயம் வீங்காது? படுத்துக் கிடந்தாரே தவிர ஏட்டையா தூங்கியதே இல்லை. அதனால்தான் பகலில் நாற்காலியைப் பார்த்தவுடன் சாய்ந்தார். அவருக்கு நான் தூக்க மாத்திரை கொடுத்தது, எழுப்ப வேண்டிய காவலாளியையும் சேர்த்துத் தூங்கவைத்த வேலை.

"ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையில இதப் படிச்சேன் சிஸ்டர். நமக்கெங்க வரப்போகுதுன்னு பக்கத்தத் திருப்பிட்டேன். மாத்திரை எழுதுனதும் நான்தான்." அதைச் சொல்லிவிட்டு மதுரைக்கு எழுதிய கடிதத்தைக் கிழித்துப் போட்டார். வேறொரு கடிதம் எழுதினார். அதில் இதயம் மூன்றாவது வரியில்தான் வந்தது.

ஏட்டையா நம்பவில்லை. "நான் தூங்கல, மூச்சு விடல, இதெல்லாம் எனக்கே தெரியாதா?" என்று கேட்டார். காகிதச் சுருளைக் காட்டினார்கள். அசரவில்லை. பெரிய ஊர்களில் இதற்குக் கழுத்தில் ஓட்டை போட்டுக் குழாய் வைக்கிறார்கள் என்று டாக்டர் சொன்னார். ஏட்டையா அந்த நிமிஷமே ஒருக்களித்துப் படுத்துக்கொண்டார். மல்லாந்து படுக்காமல் இருக்க முதுகில் ஏதாவது உறுத்த வேண்டும் என்றபோது, அண்ணாச்சி ஒரு பை மிளகாய் வத்தல் தருவதாகச் சொன்னார். கடைசியில் செண்பகம் பனியனின் முதுகில் ஒரு பை தைத்து, அதில் ரப்பர் பந்து ஒன்றைப் போட்டார். "முதுகுல இன்ஸ்பெக்டர் ஏறி உக்காந்த மாதிரி இருக்கு" என்று ஏட்டையா முனகினார், ஆனால் கழற்றவில்லை. பிறகு வயிற்றைக் குறைக்க ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. ராத்திரி புரோட்டாவை நிறுத்தியது அவருக்கு வேலை போவதைவிடப் பெரிய துக்கம். கால் வீக்கம் வடிந்தது, ரத்த அழுத்தம் பேச்சைக் கேட்க ஆரம்பித்தது. குடியால் அல்ல, நோயால் தூங்கினார் என்று டாக்டர் எழுதிய சான்றிதழை இன்ஸ்பெக்டர் இரண்டு முறை படித்துவிட்டு, தனக்கும் குறட்டை உண்டு என்று சொல்லியனுப்பினாராம்.

உங்களுக்குச் சொல்லவேண்டியது இதுதான். தூங்குகிறவரிடம் தூக்கத்தைப் பற்றிக் கேட்காதீர்கள், அவருக்கு ஒன்றும் தெரியாது. பக்கத்தில் படுப்பவரைக் கேளுங்கள். சிவந்த கண்ணோடு, எரிந்து விழுகிற ஒரு மனைவியோ புருஷனோ நோயாளிகூட வந்தால், அவரை வெளியே அனுப்புவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் உட்காரவையுங்கள்.

ஆனால் நான் மறக்காமல் வைத்திருப்பது இந்தப் பாடத்தை அல்ல, ஏட்டையாவை நான் அடித்ததற்கு அடுத்த நாளை.

பந்து தைத்த பனியனோடு ஏட்டையா ஓரளவு ஒழுங்காக மூச்சு விட்ட பிறகு, பெண்கள் வார்டில் காலியாக இருந்த கட்டிலில் செண்பகத்தைப் படுக்கவைக்கச் சொன்னார் டாக்டர். "அவங்க நோயாளி இல்லையே டாக்டர்" என்றேன். பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போகுமா? "அவங்க கண்ணப் பாத்துட்டுச் சொல்லுங்க" என்றார்.

செண்பகம் லேசில் சம்மதிக்கவில்லை. "அவியள யாரு பாப்பா?" நான் பார்க்கிறேன் என்றேன். "இருவது வரைக்கும் எண்ணுங்க சிஸ்டர். இருவத்தொண்ணு போகக் கூடாது." நான் தலையில் அடித்துச் சத்தியம் செய்யாத குறை. காலை பதினொரு மணிக்குப் படுத்தார். சாப்பாடு வந்தது, ஆறிப்போனது. நாலு மணிக் காபி வந்தது, அதுவும் போனது. நான் ஏட்டையாவின் கால்மேல் கை வைத்துக்கொண்டு மத்தியானத்தை ஓட்டினேன்.

அவர் விழித்துக்கொண்டதும் சார்ட் எழுதப் போனேன். ஐந்து மணிக்குத் திரும்பி வந்தால் ஏட்டையா கட்டிலில் இல்லை. தேடிப் போனால், பெண்கள் வார்டு வாசலில், ஆண்கள் நிற்கவே கூடாத இடத்தில், ஒரு ஸ்டூலில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். பனியனின் முதுகில் பந்து புடைத்துக்கொண்டிருந்தது. கூட்டத்தை நிறுத்துகிற மாதிரி என் முன்னால் கையை நீட்டினார்.

"மெதுவா வாங்க சிஸ்டர். அவ தூங்குதா."

எட்டிப் பார்த்தேன். செண்பகம் வாயை லேசாகத் திறந்து, ஒரு கையைத் தலைக்குக் கீழே மடித்து வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். சண்டைக்காரி முகம் எங்கே போனது என்று தெரியவில்லை. சின்னப் பெண் மாதிரி இருந்தார்.

"எவ்வளவு நேரமா இங்கன இருக்கீங்க?"

அவர் பார்வை கட்டிலை விட்டு நகரவில்லை.

"பத்தொம்பது வருசம் ஆகிட்டு சிஸ்டர்" என்றார். "இவ தூங்கி இன்னிக்குத்தான் பாக்கேன்."

ஆண்கள் இங்கே உட்காரக் கூடாது என்று சொல்லத்தான் போயிருந்தேன். சொல்லாமல் திரும்பி வந்து, இரவுப் பணி நர்ஸிடம் அந்தப் பக்கம் யாரும் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனேன்.